மலைமேல் பூட்டிய அறை

மகளுக்கு மொட்டை போட மலைக்கோயிலுக்குக் கிளம்பிய பூக்காரி சிட்டம்மாள், மண்சரிவால் அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டாள். கையிலிருந்த காசு முழுக்க மேலே லாட்ஜுக்கு அட்வான்ஸ். ஊர் திரும்ப பஸ்ஸுக்குக்கூட இல்லை; பிள்ளையோ பசியில் அழுதது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு லாட்ஜ் முதலாளிக்குப் போன் போட்டாள்.

“பணமா? உனக்காக ரூமைப் பூட்டியே வச்சிருக்கேன். வராதது உன் தப்பு!”

அவர் குரலுக்குப் பின்னால் ஒரே ஜனக்கூச்சல்.

“பூட்டியேவா இருக்கு ஐயா?”

“சத்தியமா!”

“நல்லதாப் போச்சு. எங்க அக்கா வீட்டுக்காரர் கீழ இறங்க வழியில்லாம உங்க வாசல்லதான் நிக்கறாரு. சாவியக் குடுத்துருங்க.”

அந்த அறையை, இறங்க முடியாமல் தவித்தவர்களுக்கு அவர் இரட்டை வாடகைக்கு விட்டிருந்தார்.

“அவரை வேற இடம் பார்க்கச் சொல்லும்மா. பணத்தை இப்பவே போட்டுடறேன்.”

பணம் வந்ததும் சிட்டம்மாள் பிள்ளைக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு அக்காவே கிடையாது.