அல்லியங்குளத்து வளையம்

"இனி அந்த ஊருக்கு நான் போகமாட்டேம்மா," என்றாள் அஞ்சுகம்.

உலகம்மை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதால அடிச்சாங்க?"

"சாணியால."

"காஞ்சதா, ஈரமா?"

"ஈரம்."

"அப்ப நீ சொன்னது கொஞ்சம் காதுல விழுந்திருக்கு. ஈரச் சாணியில கை வைக்கணும்னா நெஜமாவே கோபம் வரணும்."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையில் கறை இன்னும் உலரவில்லை.

குன்றின்மேல் இருந்தது அந்தப் பெண் துறவிகளின் மடம். உலகம்மை அதன் தலைவி. பருத்த உடம்பும் அதற்கேற்ற குரலும் உடையவள். அஞ்சுகம் அவளுடைய மூத்த சிஷ்யை. குன்றின் அடியில் அல்லியங்குளம், அஞ்சுகம் பிறந்த ஊர்.

அல்லியங்குளத்தில் ஒரு வழக்கம். அம்மன் திருவிழாவன்று முளைப்பாரி எடுக்கும் கன்னிப் பெண்கள், கோயிலின் சின்ன வாசலில் தொங்கும் ஒரு வளையத்துக்குள் குனிந்து உள்ளே போய், அதே வழியே வெளியே வரவேண்டும். வளையத்தைச் சுற்றிச் சிறுமணிகள். மணி குலுங்காமல் வந்தவள் அம்மனுக்கு முன்னே நடப்பாள். குலுங்கிவிட்டால் மேளக்காரன் ஓங்கி ஓர் அடி அடிப்பான். ஊர் சிரிக்கும். அவள் எல்லாருக்கும் பின்னே போவாள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் முன்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வண்டியேறுவார்கள்.

வளையம் செம்பு என்பார் சிலர். இரும்பு என்பார் சிலர். அதை அங்கே மாட்டியவர் யார் என்று ஒருவரும் சொல்வதில்லை. அது ஒடுக்கமானது என்பதில் மட்டும் எல்லாருடைய கதையும் ஒன்றுபடும்.

ஆகவே அறுப்பு முடிந்து குதிர்கள் நிறையும் மாதத்தில் அல்லியங்குளத்துப் பெண்கள் சாப்பாட்டைக் குறைப்பார்கள். பிறகு நிறுத்துவார்கள். தாய்மாரே தட்டை எடுத்து ஒளித்துவைப்பார்கள்.

சென்ற ஆண்டு ஒருத்தி வளையத்துக்குள்ளேயே சுருண்டு விழுந்தாள். எழவில்லை. மணி குலுங்கவில்லை என்பதைத்தான் ஊர் முதலில் கவனித்தது. அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள் என்று கும்பிட்டுவிட்டுக் கலைந்தது.

இந்த ஆண்டு முன்வரிசைக்கு ஊர் வாயில் அடிபடும் பெயர் மருதாயி. அஞ்சுகத்தின் அக்காள் மகள்.

"வீடு வீடாப் போனேம்மா. கெணத்தடியில சொன்னேன், களத்துல சொன்னேன். பட்டினி கெடந்தா முடி கொட்டும், மாசத் தூரம் நின்னுபோகும், நெஞ்சு அடிக்கவே மறந்துடும்னு சொன்னேன். செத்தவ பேரைச் சொன்னேன். அங்கதான் சாணி வந்துச்சு."

"மருதாயி என்ன சொன்னா?"

அஞ்சுகம் முந்தானைக் கறையைத் தேய்த்தாள்.

"அதுக்குத்தானே ஓடிவந்திருக்க? சாணிக்கு இல்ல."

அஞ்சுகம் சொன்னாள்:

"'நான் உங்கள மாதிரி ஆகத்தான் பாக்கறேன் சித்தி'ன்னா."

கீரை ஆய்ந்த கை நின்றது.

மடத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. நோன்பில் மிக்கவள் பந்தியின் முதலிடத்தில் ஒரு பலாப்பலகையில் அமர்வாள். மற்றவர்களுக்குத் தரை. பலகை கைமாறி வரவேண்டியது. அஞ்சுகம் அமர்ந்த பிறகு அது கைமாறவில்லை. அவள் இலைச் சோற்றை விரலால் ஒதுக்கும்போது இளைய துறவிகள் கைகூப்புவார்கள். அவளும் ஒருகாலத்தில் மணி குலுங்காமல் வந்தவள். அந்த வளையத்திலிருந்து நேரே இந்தப் பலகைக்கு வந்தவள்.

உலகம்மை எழுந்து பந்திக்கூடத்துக்குள் போனாள். பலகையோடு திரும்பினாள். முற்றத்தில் போட்டுக் கோடரியால் பிளந்தாள். சிராய்களைப் பொறுக்கி அடுப்பில் வைத்தாள்.

"அம்மா! அது என் இடம்!"

"அதான் இந்த எரி எரியுது."

பானை ஏறியது. நொய்யரிசி விழுந்தது. உலகம்மை நீரை ஊற்றினாள், இன்னும் ஊற்றினாள். நெடுநாள் காய்ந்த வயிற்றுக்கு அப்படித்தான் காய்ச்ச வேண்டும்.

"இத மருதாயிக்குக் கொண்டுபோகவா?"

"உனக்கு."

"நான் நோன்பு."

"என்னிக்கு முடியுது?"

அஞ்சுகம் யோசித்தாள். சொல்ல ஒரு நாள் அகப்படவில்லை.

"முடியற நாள வச்சவ நோன்பு இருக்கா. நீ இருக்கறதுக்கு வேற பேரு," என்றாள் உலகம்மை. "சொன்னது போதும். விடிஞ்சாத் திருவிழா. வளையத்துக்கு முன்னால உக்காந்து குடி."

"ஊரே பாக்குமே!"

"பாக்கட்டும். பட்டினிய ஊர் கூடித்தானே வேடிக்கை பாக்குது? குடிக்கறதையும் கூடியே பாக்கட்டும்."

"ஒரு வேளைக் கஞ்சியில இது தீருமாம்மா?"

"தீராது. நாளைக்கும் காய்ச்சணும். நாளான்னைக்கும். மருத்துவச்சி வேணும், ஒங்க அக்கா வேணும், அந்த ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் வேணும். அவங்களக் கூப்பிடறதுக்கு முன்னால ஒருத்தி குடிச்சாகணும்."

அஞ்சுகம் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ அஞ்சுகம்! அம்மன் எந்த வழியா வெளிய வர்றா?"

அஞ்சுகம் நின்றாள். பிறந்த ஊர். ஆண்டுதோறும் பார்த்த திருவிழா. ஆனால் அவள் கண் எந்நாளும் வளையத்தின் மேலேயே இருந்திருக்கிறது.

"தெரியலம்மா."

"போய்ப் பாரு."



திருவிழாக் காலை. சின்ன வாசல் முன்னே கூட்டம் நெருக்கியது. வளையத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

ஒருத்தி நுழைந்தாள். மணி குலுங்கியது. மேளம் விழுந்தது.

"அடியே பித்தளைத் தவலை! வளையத்தப் பேத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போயிடாத!"

ஊர் சிரித்தது. அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

வரிசையில் மருதாயி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சுகம் கூட்டத்தை விலக்கி வந்து வளையத்துக்கு நேர் எதிரே மண்ணில் அமர்ந்தாள். பானையைத் திறந்தாள். கொட்டாங்கச்சி நிறையக் கஞ்சி மொண்டாள்.

அக்காள்தான் முதலில் ஓடிவந்தாள்.

"என்னடி பண்ற? மானத்த வாங்காத! எம்மக தாண்டட்டும், அப்புறம் நீ அண்டாவோட குடி."

"நேரா நிக்கவே முடியாதவள எப்படிக்கா தாண்டச் சொல்ற?"

"தாண்டாத பொண்ண எவன் கட்டுவான்? நீ கட்டுவியா?"

"போன வருசம் தாண்டும்போது விழுந்தாளே, அவள எவன் கட்டினான்?"

அக்காள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

அஞ்சுகம் கொட்டாங்கச்சியை உயர்த்தினாள். கஞ்சி மடியில் சிந்தியது.

"சாமியாரம்மாவுக்குக் குடிக்கவே தெரியலடோய்!" என்று ஒரு குரல்.

"ஆமா, தெரியல," என்றாள் அஞ்சுகம். "மறந்துபோச்சு. நானும் இதுக்குள்ள நுழைஞ்சவதான். மணி குலுங்கல. நீங்கல்லாம் மாலை போட்டீங்க. அன்னிக்கு மறந்தேன்."

ஒரு வாய் குடித்தாள். பாதி திரும்ப வாய்க்கே வந்தது. அவள் விடவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கஞ்சி இறங்கியது.

தலை நிமிர்ந்தபோது வளையத்தினூடே கோயிலின் உள்ளே தெரிந்தது. ஆளுயர மரச்சிலையைச் சப்பரத்தில் தூக்குகிறார்கள். சப்பரம் திரும்புகிறது. சின்ன வாசல் பக்கம் இல்லை. கிழக்கே, பெரிய வாசல் பக்கம்.

அஞ்சுகம் எழுந்துவிட்டாள்.

"பூசாரியாரே, சித்த நிறுத்துங்க! அம்மன் ஏன் இந்த வாசல்ல வரல?"

பூசாரி சடையாண்டி எரிச்சலோடு வந்தார். "இதென்ன தாயி கேள்வி? சப்பரம் இதுக்குள்ள எப்படி நுழையும்?"

"சப்பரத்த விட்டு எறக்குங்க."

"எறக்கினாலும்..."

"எறக்கினாலும்?"

சடையாண்டி திரும்பி அம்மனைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. அகன்ற இடுப்பு. நிறைந்த வயிறு. மாலை கொள்ளாத தோள். பிறந்த நாளிலிருந்து கும்பிட்டு வந்த உருவத்தை அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தது.

"எறக்கினாலும் நுழையாது," என்றார்.

"மணி குலுங்குமா?"

"குலுங்கும்."

அஞ்சுகம் மேளக்காரன் பக்கம் திரும்பினாள்.

"அடிய்யா மேளத்த. அம்மனுக்கு அடி."

அவன் அசையவில்லை.

"ஏன், கை வரலையா? இந்தப் பொண்ணுங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? ஊர்க்காரங்களே, சிரிங்க! அவளையும் தவலைன்னு சொல்லுங்க, கேப்போம்!"

மேளக்காரன் குச்சியைக் கீழே வைத்தான்.

தவலை என்று பெயர் வாங்கிய பெண் தன் முளைப்பாரியைத் தலையில் எடுத்துவைத்தாள். பின்வரிசைக்குப் போகவில்லை. பெரிய வாசலை நோக்கி நடந்தாள், சப்பரத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி நடந்தாள். தடுக்கவந்த ஒரு தாய், பாதி வழியில் கையை இறக்கிக்கொண்டாள்.

வளையத்தின் முன் மருதாயி மட்டும் மிஞ்சினாள். அவளால் நுழைய முடியும். அது எல்லாருக்கும் தெரியும்.

அவள் வளையத்தைப் பார்த்தாள். மணிகளைப் பார்த்தாள். பிறகு சுவரை விட்டுவிட்டு வந்து சித்தி பக்கத்தில் மண்ணில் அமர்ந்தாள்.

"பயமா இருக்கு சித்தி."

"எனக்குந்தான்."

"பின்ன எப்படி முழுங்கினீங்க?"

"பயத்தோடதான்."

அக்காள் குனிந்தாள். மகளின் கையில் கொட்டாங்கச்சியை வைத்து, தன் கையாலும் தாங்கிக்கொண்டாள்.

மருதாயி அன்று ஒரு வாய் குடித்தாள் என்று அந்த ஊர் ஆற்றுக்கு வடக்கே சொல்வார்கள். தெற்கே, அரை வாய் என்பார்கள். அதன்பின் நிகழ்ந்ததில் இரு கரைக்கும் வேறுபாடில்லை.

"மருதாயி!" என்று கூப்பிட்டார் சடையாண்டி. "ஒன் மொறை தாயி. வளையம் காத்துக்கிட்டிருக்கு."

மருதாயி வாயில் இருந்ததை மெல்ல விழுங்கினாள்.

"காத்துக் கெடக்கட்டும்."