திருநீறு காட்டிக்கொடுத்த நம்பர்

நகைக்கடையில் புது அலாரம் மாட்டிய மறுவாரமே, முதலாளி பொன்னுலிங்கம் காவலாளி இசக்கியைக் கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து நீ வரவேண்டாம். வயரை அறுத்தாலும் இது கத்தும், மூடியைக் கழற்றினாலும் கத்தும். நிறுத்துற நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்."

"நான் நிறுத்திட்டா வேலை உண்டா முதலாளி?"

"நிறுத்து, பாப்போம்!" என்று முதலாளி அலாரப் பெட்டியில் ஓங்கிக் குத்தினார். அலாரம் அலறியது. தெருவே காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தது.

இசக்கி போய் நாலு பொத்தானை அமுக்கினார். சத்தம் நின்றது.

"யாருய்யா உனக்கு நம்பரைச் சொன்னது?" முதலாளி எகிறினார்.

"நீங்கதான். தினமும் காலையில சாமி கும்பிட்டு, திருநீறு பூசின கையோட வந்து அமுக்குறீங்க. பத்து பொத்தான்ல நாலுலதான் திருநீறு அப்பியிருக்கு."

"சரி, எது முதல், எது கடைசின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ராசியான நம்பர்னு அலைஞ்சு வாங்கி உங்க கார்ல மாட்டியிருக்கீங்களே! தினமும் அதுக்குக் கேட்டைத் திறந்துவிடுறது யாரு?"

கூட்டம் மொத்தமும் திரும்பி, வாசலில் நின்ற காரைப் பார்த்தது.

இசக்கி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப ஊருக்கே நம்பர் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா முதலாளி?"