வார்டனுக்கு ஒரு விபிஎன்

கோவையில் ஒரு மகளிர் விடுதி. அதன் வார்டன் கோமளவல்லி, தான் சிரித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று நம்புகிறவர். ஒருநாள் அத்தனை பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், ஓர் உறையைச் சமையல்கார ரெஜினாவிடம் நீட்டினார். விடுதி வைஃபையில் திறந்த தளங்களின் பட்டியல் அது.

"பிரிச்சு சத்தமா வாசி. யார் எதைப் பார்த்தான்னும் சொல்லு. உனக்குத் தெரியாத பொண்ணு இங்க இல்ல. மறைச்சே, வேலை போயிடும்!"

ரெஜினா பிரித்துப் பார்த்தாள். ஒரே தளம், பதினேழு தடவை.

"மேடம், பொண்ணுங்க எல்லாரும் போன்ல விபிஎன் போட்டிருக்காங்க. எனக்கும் போட்டுக் குடுத்தாங்க. நாங்க பார்க்கிறது எதுவும் இதுல வராது. அதைப் போடாத ஒருத்தர் பார்த்தது மட்டும்தான் இருக்கு. வாசிக்கவா?"

வார்டனுக்கு வேர்த்துவிட்டது. "வேணாம், குடு. எல்லாரும் சாப்பிடுங்க!"

சாயங்காலம் சமையலறைக்கு வந்து, மெல்லப் போனை நீட்டினார். "எனக்கும் அதைப் போட்டு விடேன். அப்படியே... மறுமணத் தளத்துல வைக்க இந்தப் போட்டோ போதுமான்னும் பாரு."

ரெஜினா பார்த்தாள். "விறைப்பா இருக்கு மேடம். வாங்க, சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுப்போம்."