நாலாவது தோள்

கப்பல் மாசானத்தை இறக்கிவிட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவர் இன்னும் துறைமுகத்தைத் தாண்டவில்லை.

துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைத்த, கூரை பாதி போன ஒரு கிட்டங்கி. அதில் ஒரு சாமி இருந்தார். கப்பலில் சமையல்காரராக வந்தவர், ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார், அப்புறம் ஏறவே இல்லை என்பார்கள். புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதல் ராத்திரி அங்கேதான் படுப்பார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிடுவார்கள். மாசானம் மட்டும் கிளம்பவில்லை. தண்ணீர் சுமந்தார், கிட்டங்கியைக் கூட்டினார், சாமி பேசினால் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. போகாமல் இருந்ததால் சீடன் ஆனார்.

சாமியைவிட மாசானம் பத்து வயது மூத்தவர். அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அண்ணாச்சி அவரைச் சாமி என்று கூப்பிடுவார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

மாசானம் தையல்காரர். ஊரிலிருந்து தூக்கி வந்த தையல் மெஷின் கட்டிய கயிறு அவிழ்க்காமல் மூலையில் கிடந்தது. உப்புக்காற்றில் சக்கரம் துருவேறிப் பழுத்துப்போயிருந்தது.

போன கப்பல் திரும்பி வந்தது. சரக்கு ஏற்றியதும் மறுபடி ஊருக்குக் கிளம்பும். அதில் வேலை பார்க்கிற ராயப்பன் கிட்டங்கி வாசலில் வந்து நின்றான்.

“என்னவே அண்ணாச்சி, இன்னுமா ஊர் பார்க்கீரு? பொண்ணு பார்த்திருந்தாக்கூட இந்நேரம் கல்யாணத்தை முடிச்சுத் தொட்டில் கட்டியிருக்கலாம்.”

“பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் ராயப்பா.”

“ஒம்ம வீட்டம்மா சொல்லி விட்டிருக்காங்க. அவர் ஒரு ஊர்ப் பேரைச் சொன்னாப் போதும், வீட்டை வித்துட்டு மகளைக் கூட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு வந்து இறங்கிருவேன்னு. இந்தத் தடவை பேரோடதான் போவேன். இல்லைன்னா உங்க வீட்டுக்காரர் காவி கட்டிட்டாருன்னு சொல்லிருவேன், ஆமா.”

மாசானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டை விற்றுவிட்டு வருகிறவளுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. தான் சொல்லப்போகிற ஒரு பெயரை நம்பி இரண்டு பேர் கடலில் ஏறப்போகிறார்கள்.

அன்று சாயங்காலம் அவர் சாமியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“சாமி, எந்த ஊருக்குப் போகட்டும்?”

“எந்தெந்த ஊரு இருக்கு?”

அந்த நாட்டு ஊர்ப் பெயர்கள் நம் ஆட்கள் வாயில் நுழையாது. அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மாசானம் அந்தப் பெயர்களைச் சொன்னார்.

“மில்லூர்ல கூலி ஜாஸ்தி, வாடகையும் ஜாஸ்தி. கோயிலூர்ல பூரா நம்ம ஆளுக. நம்ம பேச்சு, நம்ம கடை, முருங்கைக்காய்கூடக் கிடைக்குது. சேத்துத்துறைல ஒண்ணுமே இல்லை. அங்க தைச்ச துணியே யாரும் போடுறதில்லையாம் சாமி. ஒரு துண்டை இடுப்புல சுத்திக்கிட்டு அலையுதாங்களாம்.”

“எல்லாம் விசாரிச்சிருக்கீங்க.”

“மழைக்காலம் பூரா அதானே வேலை.”

“அங்க ஒருத்தன் செத்தா யாரு தூக்குதா?”

மாசானம் விழித்தார்.

“அதை விசாரிக்கலையோ?”

“பிழைக்கப்போற இடத்துல அதை எப்படி சாமி கேக்க?”

“மாசானம்னு பேரு. குலசாமி சுடுகாட்டுக்குள்ள நிக்குது. அண்ணாச்சிக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு.” சாமி அடுப்பிலிருந்த கஞ்சியைக் கிண்டினார். “போய்ப் பார்த்துட்டு வாங்க. கூலி, வாடகை எதையும் கேக்காதீங்க. சாவு வீடு எதுன்னு மட்டும் கேளுங்க.”

மாசானம் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மில்லூரில் அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு அறை வாசலில் மணி கட்டிய வண்டி நின்றது. சீருடை போட்ட இரண்டு பேர் ஒரு ஆளைத் துணியில் நீளவாக்கில் சுருட்டி ஏற்றினார்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள், பெட்டியும் கையுமாக ஒரு புது ஆள் அந்த அறைக்குள் நுழைந்து பாயை விரித்தான். பக்கத்து அறைக்காரன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வெளியே வந்தான்.

“செத்தது யாரு தம்பி?”

“என்கூட இருந்தவர்தான். மதுரைப் பக்கம்.”

“அழ ஆளில்லையா?”

“ஷிப்டு இருக்கு அண்ணாச்சி. சாயங்காலம் வந்து அழணும்.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சாயங்காலம் அழுவான் என்றுதான் மாசானத்துக்குத் தோன்றியது.

கோயிலூரில் தெருவுக்குள் நுழைந்ததுமே சங்குச் சத்தம் கேட்டது. பந்தலில் பெரிய கூட்டம். ஒரு பெரியவர் நாற்காலி இழுத்துப் போட்டார்.

“ஐயாவுக்கு எந்தப் பக்கம்?”

“திருநெல்வேலிப் பக்கம்.”

“அது பேச்சுலயே தெரியுது. அதுக்குள்ள எந்தப் பக்கம்?”

மாசானம் ஊரைச் சொன்னார். போதவில்லை. தெருவைச் சொன்னார். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம ஆளு! காப்பி கொண்டாங்கப்பா.”

காப்பி நன்றாக இருந்தது. பாதி குடிக்கையில், தெருவுக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டிய பாதையில் இன்னொரு பாடை போவதை அவர் பார்த்தார். அதற்குச் சங்கில்லை. நாலைந்து பேர் தண்ணீரில் கால் வைத்துத் தடுமாறிப் போனார்கள்.

“அது ஏன் அந்த வழியாப் போகுது?”

“அது அவங்க வழி.” பெரியவர் அவர் தொடையைத் தட்டினார். “நீங்க ஏன் கவலைப்படுதீங்க? உங்களை எல்லாம் இந்தத் தெரு வழியாத்தான் கொண்டுபோவோம்.”

ஊரை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றையும் கடலில் தவறவிடவில்லை. பெரியவர் சொன்னதைக் கேட்டதும் மாசானத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்துவிட்டதே என்றுதான் மிச்சக் காப்பி இறங்கவில்லை.

சேத்துத்துறைக்குப் பாதை கிடையாது. ஆறு கடலில் சேருகிற இடத்தைத் தோணியில் கடக்கவேண்டும். தோணிக்காரர் அணஞ்சபெருமாளும் நம் பக்கத்து ஆள்தான். துடுப்புப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“யாரு வீட்டுக்குப் போறீரு?”

“சாவு வீடு ஏதாவது இருக்கா?”

அணஞ்சபெருமாள் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. “சாவு வீட்டைத் தேடி வந்த முத ஆளு நீருதான்வே! இப்போதைக்கு ஒண்ணும் கைவசம் இல்லை. வேணும்னா ராத்திரி தங்கிப் பாரும்.”

“இங்க செத்தா யாரு தூக்குதா?”

“நாங்க நாலு பேரு. நான், காயல்பட்டணத்து மரைக்காயர், இந்த நாட்டுக்காரன் ஒருத்தன், எந்த ஊருன்னு கேட்டா சிரிக்கிறவன் ஒருத்தன்.”

“யாரு செத்தாலுமா?”

“யாரு செத்தாலும் நாங்கதான். ஆள் பார்த்துத் தூக்க இங்க வேற ஆள் எங்க இருக்கு?”

மாசானத்தின் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“அந்த நாலு பேர்ல ஒருத்தர் செத்தா?”

துடுப்பு நின்றது. தோணி தானாகக் கொஞ்ச தூரம் போனது.

“அதை நாங்க யோசிக்கலையேவே,” என்றார் அணஞ்சபெருமாள்.

கரையில் வீடுகள் கம்பின் மேல் நின்றன. கீழே சேறு. மனிதர்கள் முழங்கால்வரை சேற்றோடு நடந்து போனார்கள். அவர்கள் உடம்பில் ஊசி பட்ட துணி ஒன்றுகூட இல்லை. மாசானம் பையை அணஞ்சபெருமாள் வீட்டில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றினார். தோணிக்காரர் பெண்டாட்டி இசக்கியம்மாள் மீன் குழம்பு ஊற்றினாள். அவ்வளவுதான் ஊர். சாப்பிட்டுவிட்டு மீன் கொட்டகையில் படுத்துக்கொண்டார். விடிந்ததும் முதல் தோணி எப்போது என்று கேட்கக் கரைக்கு வந்தார்.

தோணி கட்டிப்போட்டபடி கிடந்தது. தோணிக்காரர் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அழுகைச் சத்தம் கேட்டது. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அணஞ்சபெருமாள், அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

வெயில் ஏறுவதற்குள் பாடை கட்டி முடித்துவிட்டார்கள். முன்னால் ஒரு பக்கம் மரைக்காயர் நின்றார். பின்னால் அந்த நாட்டுக்காரனும் சிரிக்கிறவனும். முன்னால் வலது மூங்கில் முனையில் மட்டும் ஆளில்லை. சுற்றிலும் கிழவர்களும் பெண்களும்தான் நின்றார்கள். யாரும் மாசானத்தைக் கூப்பிடவில்லை. அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாசானம் போய்க் குனிந்து அதற்குத் தோள் கொடுத்தார்.

அவர் மற்றவர்களைவிட உயரம். பாரம் அவர் தோளிலேயே இறங்கியது. நேற்றுத் தன்னைச் சுமந்து வந்த ஆள் இப்படிக் கனப்பார் என்று அவர் நினைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைக்கவேண்டியிருந்தது. மரைக்காயர், “மெள்ள, மெள்ள,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மணல்மேட்டில் புதைத்தார்கள்.

ஆற்றில் முழுகிவிட்டுப் பையை எடுக்க வீட்டுக்கு வந்தார். இசக்கியம்மாள் கதவோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளிடம் என்னவோ சொன்னார்கள். அவர்கள் பாஷை அவளுக்கே பாதிதான் புரியும் போலிருந்தது. மாசானம் பையைத் தோளில் மாட்டினார். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

“போயிட்டு வாரேம்மா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். சாவு வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போய்விடவேண்டும். வருகிறேன் என்று சொன்னால் சாவும் கூடவே வரும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

இசக்கியம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“வாங்க,” என்றாள்.

சிரிக்கிறவன்தான் தோணியைத் தள்ளி அக்கரையில் விட்டான். வழி நெடுக அவன் சிரிக்கவில்லை.

மாசானம் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தபோது ராயப்பன் அங்கே காத்துக்கொண்டிருந்தான். கப்பலில் சரக்கு ஏறிவிட்டது.

“பேரைச் சொல்லும் அண்ணாச்சி. நங்கூரம் எடுக்கப்போறாங்க.”

“கொஞ்சம் இரு,” என்றார் சாமி. “அண்ணாச்சி, என்ன பார்த்தீங்க?”

மாசானம் மூன்று ஊரையும் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

“சாமி, எனக்கு ஊர் அப்புறம் சொல்லுங்க. முதல்ல ஒரு பரிகாரம் சொல்லுங்க. அந்த மனுஷன்கிட்டக் கேக்கக்கூடாததைக் கேட்டேன், விடியிறதுக்குள்ள போயிட்டாரு. அவர் வீட்டுல சொல்லக்கூடாததையும் சொல்லிட்டு வந்திருக்கேன். என் வாய் நல்ல வாய் இல்லை.”

“அந்தம்மா அதுக்கு மூஞ்சியச் சுளிச்சாங்களா?”

“இல்லை. வாங்கன்னாங்க.”

“மில்லூர்ல வாங்கன்னாங்களா?”

“வரவும் சொல்லலை, போகவும் சொல்லலை.”

“கோயிலூர்ல?”

“சொன்னாங்க. தெருப் பேரைக் கேட்டுட்டுச் சொன்னாங்க.”

சாமி எழுந்து வந்து அவர் சட்டையை விலக்கி வலது தோளைப் பார்த்தார். மூங்கில் அழுத்தின இடம் கன்றிப்போயிருந்தது. சாமி விரலால் தொட்டார். மாசானம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“பொண்டாட்டி பிள்ளையை அந்தச் சேத்துலயா சாமி கொண்டுபோய் இறக்க?” மாசானத்தின் கண்ணில் நீர் முட்டியது. “ஒரு சட்டைகூடத் தைக்கமுடியாத ஊரு. சரி, மீன் பிடிச்சாவது பிழைச்சுக்கிடலாம்னே வைங்க. நாளைக்கு நான் விழுந்தா யாரு தூக்குவா? நீங்கதானே கேட்டீங்க? அங்க மிச்சம் இருக்கிறதே மூணு பேரு.”

ராயப்பன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது.

“அந்த மூணு பேரும் இப்போ அதைத்தான் பேசிக்கிட்டு உக்காந்திருப்பாங்க அண்ணாச்சி,” என்றார் சாமி.

“சேத்துத்துறைன்னு சொல்லிரு ராயப்பா,” என்றார் மாசானம். மூலைக்குப் போய்த் தையல் மெஷினைத் தூக்கி வலது தோளில் வைத்தார். உயிர் போகிற மாதிரி வலித்தது. தோளை மாற்றிக்கொள்ளவில்லை.