எரிகோவில் விழாத வீடு

கடல்மட்டத்துக்கும் கீழே, பள்ளத்தில் கிடக்கிற ஊர் எரிகோ. அங்கே அடிக்கிற வெயிலில் பேரீச்சம்பழம் மரத்திலேயே பாகாகிவிடும். அண்ணாந்து வாயைத் திறந்தால் போதும். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஊருக்கு மேலே, மலைக்குகை மடத்தில் சீலா என்றொரு குரு இருந்தார். அவருடைய சீடன் ஒனேசிமு, நாற்பது வயசுக்காரன், பேச்சில் சூரன். யாத்திரை வருகிறவர்களுக்கு இடிந்த மதிலைக் காட்டிக் கதை சொல்வது அவன் வேலை. அந்தக் காலத்தில் முற்றுகையிட்ட படை எக்காளம் ஊத மதில் சரிந்ததை அவன் சொன்னால், கேட்கிறவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு குனிவார்கள்.

அன்றைக்கு அவன் கஞ்சியைத் தொடவில்லை.

"குருவே, மதில் முழுக்க விழுந்தது. அந்தப் படையின் வேவுகாரர்கள் இரண்டு பேரை ஒளித்துவைத்த வேசி ராகாப்பின் வீடு அந்த மதில்மேலேயேதான் இருந்தது. அது மட்டும் எப்படி நின்றது?"

குரு ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"நேற்று மழைக்கு எங்கேயப்பா ஒதுங்கினாய்?"

ஒனேசிமு தாடியைத் தடவினான்.

"ஊருக்குள்... ஒரு வீட்டில்."

"யார் வீட்டில்?"

"காட்டாறு துரத்திக்கொண்டு வந்தது, குருவே. எல்லாக் கதவையும் தட்டினேன். தமாரிதான் திறந்தாள்."

இருட்டினபின் ஆண்கள் போகிற வீடு அவளுடையது. பகலில் அந்தப் பெயரை ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை.

"படுக்கப் பாய் கொடுத்தாளா?"

"கொடுத்தாள். தான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்."

"காலையில்?"

"வெளியே வந்தேன். யாத்திரைக்காரர்கள் நின்றார்கள்." அவன் குரல் இறங்கியது. "இவளுக்குப் புத்தி சொல்லப் போனேன் என்றேன். என் கையை முத்தமிட்டார்கள். அவள் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்."

"அப்புறம்?"

"சாமியாரே கண்டித்தபிறகு இவள் இங்கே எதற்கு என்று ஊர்ப்பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு வீட்டை இடிக்கப்போகிறார்களாம்."

குரு ஆட்டின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து அவன் மடியில் போட்டார். சிவப்புக் கயிறு. படை தன் வீட்டைத் தொடாமலிருக்க, அடையாளத்துக்கென்று ராகாப் தன் ஜன்னலில் கட்டியதும் சிவப்புத்தான்.

"போய் அவள் ஜன்னலில் கட்டு."

"ஊரே பார்க்குமே!"

"பின்னே, ஆடு மட்டும் பார்த்தால் போதுமா?"

ஒனேசிமு கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிமிரவில்லை.

"அன்றைக்கு அந்த வீடு நின்றது கயிற்றாலா, குருவே?"

"கயிறு கிடக்கட்டும். உள்ளே ஒளிந்திருந்த இரண்டு பேரும் வெளியே போய், எங்களைக் காப்பாற்றினது இவள்தான் என்று வாயைத் திறந்து சொன்னார்கள்."