பேனாவால் ஒரு புல்லி

கோவில்பட்டிக்காரன் செண்பகராஜ் ஹாக்கி மட்டையோடு பட்டணத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வந்தான். வந்த நாளிலிருந்து அவனுக்குத் தலை சுற்றல்தான்.

“பழைய கல்லூரி உன்னை விடுவிச்சதா கடிதம் கொண்டா, அணியில சேர்க்கிறேன்” என்றார் புதிய பயிற்சியாளர் தணிகாசலம். பழைய பயிற்சியாளர் வேலாயுதமோ, “அவங்க சேர்த்துக்கிட்டதா கடிதம் கொண்டா, விடுவிக்கிறேன்” என்றார். நாலு தடவை பஸ்ஸில் போய்வந்த பிறகு, தான் எந்த அணிக்காரன் என்றே அவனுக்கு விளங்கவில்லை.

அணிப் பட்டியல் கொடுக்கக் கடைசி நாளன்று இரண்டு அணிகளுக்கும் நட்பு ஆட்டம் நடந்தது. இடைவேளையில் பயிற்சியாளர்கள் இருவரும் ஒரே மேசையில் டீ குடித்தார்கள். செண்பகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றான்.

“சார், ஒரு சந்தேகம். யார் மேலயும் தப்பில்லாம ஆட்டம் நின்னுபோச்சுன்னா, பந்து யாருக்கு?”

தணிகாசலம் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். “இதுகூடத் தெரியாம என் அணிக்கு வர்றியா? புல்லிடா! பந்தை நடுவுல வச்சு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மட்டையைத் தட்டித் தொடங்கணும். நீ முந்தி, நான் முந்திங்கிற பேச்சே கிடையாது!”

“சரியாச் சொன்னீங்க” என்று வேலாயுதமும் தலையாட்டினார்.

செண்பகராஜ், விடுவிக்க ஒன்று, சேர்க்க ஒன்று என்று டைப் அடித்த இரண்டு கடிதங்களை மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பேனாவை நீட்டினான். “அப்போ தட்டுங்க சார்.”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் பேனாக்கள் தட்டிக்கொண்டன. இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

தணிகாசலம் காகிதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். “டேய், இதுல எதுடா முதல்ல வந்தது?”

“எனக்கும் அதே குழப்பம்தான் சார்” என்றபடி அவன் புது அணியின் ஜெர்ஸியை மாட்டிக்கொண்டான்.