தினம் ஒரு முகவரி

கோவில்பட்டி நூல் மில் ஒன்றில் மேலாளர் ஞானதுரை கொதித்துப்போயிருந்தார். யாரோ ஒருவன் தினமும் புதுப்புது கம்ப்யூட்டர் முகவரியோடு அலுவலக நெட்வொர்க்கில் நுழைவதாக நெட்வொர்க் பதிவு காட்டியது.

"சாயங்காலத்துக்குள்ள திருடனைப் பிடி. இல்லேன்னா உனக்கு வேலை இல்ல!" என்றார், கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் செண்பகவல்லியிடம்.

அவள் பதிவைப் பார்த்துவிட்டு, "உங்க கம்ப்யூட்டரை ஒருதடவை அணைச்சுப் போடுங்க சார்" என்றாள். போட்டார். உடனே பதிவில் புது முகவரி ஒன்று வந்து விழுந்தது.

"நெட்வொர்க் கார்டுல இருக்கிற சிப்புலதான் முகவரி எழுதியிருக்கும் சார். கார்டை இயக்குற டிரைவர்ங்கிற மென்பொருள் அதைப் படிச்சுத்தான் நெட்வொர்க்குக்குச் சொல்லும். உங்க சிப்பு காலி. அதனால கம்ப்யூட்டரைப் போடுற ஒவ்வொரு தடவையும் டிரைவரே ஒண்ணை உண்டாக்கிச் சொல்லுது."

"அப்போ திருடன் யாரு?"

"ஒம்பது மணி ஆபீஸுக்குத் தினமும் பதினொண்ணுக்கு வர்றவர் சார். நேரமெல்லாம் பதிவுல இருக்கு. முதலாளிக்கு அனுப்பிடட்டுமா?"

ஞானதுரை குரலைத் தாழ்த்தினார். "கார்டை மட்டும் மாத்தும்மா."